மூன்று மா நிலமும் மாசிபத்திரிப் புகையும்

"மாட்டுக்குப் போடுற சூட்டை மனுசிக்குப் போடத்தான் ரெண்டு வருஷம் பட்டணத்துல படிச்சியாடி?"

என் பெரியம்மா இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு குச்சி கனிந்துகொண்டிருந்தது. பாயில் அம்மா குப்புறப் படுத்திருந்தாள். வாசலில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் அம்மாவோடு நடவுக்குப் போகிறவர்கள். அம்மா எழுந்திருப்பாளா என்று பார்க்க வந்திருந்தார்கள். அவள் இறங்காவிட்டால் எங்கள் நிலத்தில் தாங்களும் இறங்கப் போவதில்லை என்று ஒளிக்காமல் சொல்லியும் விட்டார்கள்.

நிலம் என்றால் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணை வீட்டிடமிருந்து அரசு எடுத்து அப்பாவுக்கு ஒப்படை செய்தது. அப்பா கூலிக்கு உழுத அதே வயல்தான். கொடுத்த அன்று மந்திரி வந்தார், மேடை போட்டார்கள், கட்சிக் கொடி கட்டினார்கள். அதன் பிறகு ஆட்சி இரண்டு முறை மாறியது. பண்ணை வீடு தொடுத்த வழக்கு மட்டும் மாறவே இல்லை. அப்பா இறந்ததும் பட்டா அம்மா பெயருக்கு வந்தது. ஒப்படை நிலத்தைத் தொடர்ந்து தரிசாகப் போட்டால் ரத்து செய்யலாம் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, நிலம் தரிசாகத்தான் கிடந்தது. பண்ணை வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டிருந்தார்கள். இந்தச் சம்பாவிலும் நடாவிட்டால் கிராமத்துப் பயிர்க்கணக்கான அடங்கலில் மறுபடி தரிசு என்று ஏறும். வெள்ளிக்கிழமை வயலைப் பார்க்க வருவதாக வி.ஏ.ஓ. சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வேறொருவர் வயலுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மற்றவர்கள் அவளுக்காகக் காத்திருந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முன் நட்டபோது பண்ணையின் காரியக்காரர் ஆட்களோடு வரப்பில் வந்து நின்றார். அம்மா முதல் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே, "அடிக்கிறதுன்னா என்னை அடிச்சிட்டு அவங்ககிட்டப் போங்க" என்றாள். அவர் போய்விட்டார். அப்புறம்தான் மற்றவர்கள் சேற்றில் கால் வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. திருவாரூரில் தாவரவியல் படித்தேன், பிறகு சென்னையில் அக்குபங்சர். வாத்தியார் வேலைக்குப் போகாமல் இது என்ன படிப்பு என்று கேட்காத உறவினர் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நன்னிலத்தில் டாக்டர் அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு வாரம் படுக்கட்டும் என்றார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். இல்லை. அப்படியானால் இது என் கைக்கு அடங்கும் வலி என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலையில் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றாள். புறங்கையில் இரண்டு, முழங்காலுக்குப் பின்னால் ஒவ்வொன்று என்று குத்தினேன். ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டி முகம் வெளுத்தது. ஊசிகளை எடுத்து, காலை உயர்த்தி வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வரக்காப்பி தவிர அவள் வயிற்றில் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அடுப்பு மூட்டாத நாளிலும் "ஆச்சு"தான். அங்கேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துவிட்டேன்.

பொண்ணு ஊசி குத்தி ஆத்தா மயக்கம் போட்டுட்டா என்று அரை மணி நேரத்தில் தெருக்கோடி வரை போய்விட்டது. சாயங்காலம் அம்மா நாலு பேர் பார்க்க ஒரு கும்பா சோறு தின்றாள். "தின்னுட்டேன். இப்பக் குத்து" என்றாள். அன்று அவளால் தானாகப் புரண்டு படுக்க முடிந்தது. வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். ஆனால் குனிய வரவில்லை. தொட்டுப் பார்த்தால் இடுப்பு மட்டும் ஈரத்துணி மாதிரி சில்லென்றிருந்தது. அதற்குத்தான் சீன மருத்துவத்தில் இந்தப் புகைக்குச்சி. மாசிபத்திரி இலையைக் காயவைத்து இடித்துச் சுருட்டியது. பற்றவைத்து, தோலில் படாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பெரியம்மா கேட்டது அப்போதுதான்.

சூடு என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மாவின் முதுகு விறைத்தது. "அந்தாண்ட எடு பாப்பா" என்றாள். திரும்பாமலே பேசினாள். அவளுடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். காய்ச்சலில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். மாட்டுக்குச் சூடு போடும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். "போடலை, காட்டினாங்க. அப்புறம் எங்கப்பா ஒரு நாளும் படுக்கலை."

இதை அவள் அதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை அவள் கையில் கொடுத்து, என் காலை நீட்டினேன்.

"நீ எனக்குக் காட்டும்மா."

என் ஆடுசதைக்குப் பக்கத்தில் பிடித்தாள். எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்லும்போது என்றேன். சொன்னேன், எடுத்தாள். என் காலைத் தடவிப் பார்த்தாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மோந்து பார்த்துவிட்டு, பூ வாசம் அடிக்கிறதே என்றாள். கதம்பத்தில் மருவோடு வைத்துக் கட்டுகிற செடி என்று சொன்னேன்.

"அடிப்பாவி, கொண்டையில வைக்கிறதையா கொளுத்துறே?" என்றாள் பெரியம்மா. வாசலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அம்மா குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். "நான் போதும்னா எடுத்துடணும்." நான்கு முறை போதும் என்றாள், நான்கு முறையும் எடுத்தேன். நான்காவது முறை என்னைச் சோதிக்கத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வலி குறைந்து குனிய விட்டது. அப்பாவின் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். காரியக்காரர் குடையும் கையுமாக எதிர் வரப்பில் நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. முடியைப் பிரித்து, மெதுவாகக் குனிந்து, ஒரு வரிசை முழுக்க நட்டாள். பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அப்புறம் எல்லோரும்.

ஒரு வரிசைக்கு மேல் அம்மாவை நான் குனிய விடவில்லை. அவள் நடு வயலில் நின்றுகொண்டு வாயால் வேலை வாங்கினாள், அவள் இடத்தில் நான் இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து நான் நட்டதில்லை. என் வரிசை கோணிக்கொண்டு போனது.

"ரெண்டு வருஷத்துல இதைச் சொல்லிக் குடுக்கலையாடி?" என்றாள் பெரியம்மா.

பிற்பகல் வி.ஏ.ஓ. வந்தபோது கடைசி மூலையை நட்டுக்கொண்டிருந்தோம். அடங்கலில் அவர் எழுதியதை வாங்கி அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். நெல் என்றிருந்தது, பக்கத்தில் அவள் பெயர். வழக்கு இன்னும் நடக்கிறது. தரிசு என்று போட்ட மனு மட்டும் பிறகு தள்ளுபடியாகிவிட்டது.

முந்தாநாள் காரியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். பண்ணை வீட்டு அம்மாவுக்குத் தோளைத் தூக்க முடியவில்லையாம். நன்னிலம் டாக்டரிடமும் காட்டியாகிவிட்டதாம். "ஒரு நடை வந்து பாத்துட்டுப் போம்மா. கொல்லைப் பக்கமா வந்துடு, நான் சொல்லி வைக்கிறேன்."

"நன்னிலம் கடைத்தெருவுல ரூம் எடுத்திருக்கேங்க. திங்கக்கிழமையிலேருந்து அங்கதான் இருப்பேன். வாசல் ஒண்ணுதான், தெருவைப் பாத்த வாசல். காலைல பலகாரம் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க."

சாவி அப்போதே என் கையில் இருந்தது. இரண்டு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன், பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. வருகிறவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை என்றும் தீர்மானித்துவிட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பேன், யாராக இருந்தாலும்.