அம்மா சொன்ன கடைசிப் பொலி

ஓராண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. அழுது தீர்த்துவிட்டு ஆறுதலாக எழுதலாம் என்றிருந்தேன். பயம் விடவில்லை.

அம்மா டயகமவில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ஹட்டன் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, கொழுந்து பறித்தே என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். முன்கோபக்காரர். கங்காணி அதட்டினால், "நீங்க ஒரு நாளைக்குக் கூடையைக் கட்டிப் பாருங்களேன்!" என்பார். ஆனாலும் பசியென்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

கொழுந்து பறிக்கத் தேயிலை நிரையில் இறங்கும்போது, கொழுந்து பெருக வேண்டுமென்று "பொலியோ பொலி!" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். எங்கள் மலையில் முதல் குரல் அம்மாவுடையது. களைநாசினிக்கு அரசாங்கம் தடை போட்ட காலத்தில் மலை காடாகிப் போனது. தடையை எடுத்த பிறகும் காட்டை வெட்ட ஆள் போடவில்லை. தேயிலைக்குள் குளவி கூடு கட்டியது. பக்கத்து மலையில் பெண்களைக் கொட்டியதும், "சத்தம் போடாதீங்கடி, கிளப்பி விட்றாதீங்க" என்று பொலியை நிறுத்தியவரும் அம்மாதான்.

எத்தனையோ முறைப்பாடுகளுக்குப் பிறகு ஓர் அதிகாரி வந்தார். பாதையோரத்துக் கூடு ஒன்றைக் கொளுத்தினார்கள், படம் எடுத்தார்கள். "பய வென்ன எப்பா, அம்மே," பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மலைக்குக் கீழே காடு மண்டிக் கிடந்த ஓடைப் பக்கம் ஒருவரும் இறங்கிப் பார்க்கவில்லை. அம்மா நம்பிவிட்டார்.

"அய்யாவே சொல்லிட்டாங்க. நாளைக்கு வாய்விட்டுப் பொலி சொல்லப் போறேன்" என்று லயமெல்லாம் சொன்னாராம்.

மறுநாள் சொன்னார். ஓடைப் பக்கத்திலிருந்து குளவி வந்தது. சத்தத்துக்கு வந்ததோ, செடி அசைந்ததற்கு வந்ததோ, யார் கண்டது? தலையில் போட்டிருந்த துணியை இழுத்து, பக்கத்து நிரையில் நின்ற தங்கையின் முகத்தை மூடினாராம். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

கொழுந்தை இறக்கிப் போட்டுவிட்டு லொறியை ஓட்டிய தோட்டத்து டிரைவர் தம்பிக்கும், தாங்களும் கொட்டு வாங்கிக்கொண்டு அம்மாவைக் கம்பளியில் தூக்கிவந்த பெண்களுக்கும், காரியங்களை முன்னின்று செய்த லயத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இத்தோடு முடித்திருப்பேன். நான் நுவரெலியாவில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். போன வாரம் தங்கை போன் எடுத்தாள். அதே அதிகாரி வந்தாராம், இன்னொரு பாதையோரக் கூட்டைக் கொளுத்தினாராம். இவளைப் பார்த்து, "பய வென்ன எப்பா, நங்கி" என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னாராம்.

"நீ என்னடி சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? தலையாட்டினேன். ஓடைப் பக்கந்தான் நிரை குடுத்திருக்காங்க, அக்கா."

அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றும் உறவுகளே, அந்த மலைக்குப் போய்க்கொண்டிருக்கும் அவளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.