யாரும் கிழிக்காத விண்ணப்பம்

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்கள் எனக்கு முதல் பரிசு கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பி வைத்துவிட்டார்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கேளுங்கள்; கைதட்ட மட்டும் வேண்டாம்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். திருச்சியில், கல்லூரி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி. நடத்திய அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. நான் ஸ்ரீரங்கத்துக்காரன், கல்லூரியில் முதலாம் ஆண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து மேடையில் நிற்பவன். வீட்டு அலமாரியில் கோப்பைகளுக்கு இடம் போதாமல் அம்மா பாதியைப் பரணில் ஏற்றியிருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தீர்களானால், சரியாகவே நினைக்கிறீர்கள். அந்தப் பெருமைதான் அன்று என் வாயிலிருந்து பேசியது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தில்லை நகரில் என் பள்ளித் தோழியைச் சந்தித்தேன். பள்ளி நாட்களில் வழக்காடு மன்றம் என்றால் நானும் அவளும்தான் எதிரெதிர் அணி. என்னை மூன்று முறை தோற்கடித்தவள். முஸ்லிம் குடும்பத்துப் பெண். முதல் முறை நீட் தேர்வில் சில மதிப்பெண்கள் குறைந்துபோக, மறுபடியும் எழுதுவதற்காகப் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து தன் தந்தைக்காகப் பழச்சாற்றுக் கடை வாசலில் காத்திருந்தாள்.

பெண்களுக்கான மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிவரும் விஷயம். நான் கிண்டலாகக் கேட்டேன்.

"டாக்டராகு, சரி. இந்த டிபார்ட்மென்ட்தான் வேணும்னு இப்பவே ஏன் பிடிவாதம்? முதல்ல சீட் வாங்கு."

"உனக்குத் தலைப்பு குடுத்தா எந்தப் பக்கம் வேணும்னாலும் பேசுவ. எனக்கு ஒரே பக்கம்தான்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "எங்க தெருவுல பொம்பளைங்களுக்கு உடம்புக்கு வந்தா மெடிக்கல் ஷாப்போட சரி. மாத்திரை வாங்கப் போறது புருஷனோ புள்ளையோ. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? எல்லாத்துக்கும் 'வயித்து வலி'தான். எங்க அம்மாவும் அப்படித்தான் இவ்வளவு நாள் ஓட்டியிருக்காங்க."

தன் தாயின் நோய் என்ன, எத்தனை காலமாக அவர் அதை மறைத்தார் என்பதை அன்று என்னிடம் சொன்னாள். மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு அவர் மருத்துவரிடம் வரச் சம்மதித்திருந்தார்.

"வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை. லேடி டாக்டர்கிட்ட டோக்கன் போட்டாச்சு. அத்தாகிட்டகூட முழுசா சொல்லல, சும்மா செக்கப்னு சொல்லியிருக்கேன். நீ வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு, பேச்சாளரே."

அந்த நேரத்தில் அவள் 'அத்தா' என்று அழைக்கும் தந்தை மொபெட்டில் வந்து நின்றார். "என்ன தம்பி, இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்று சிரித்தார். மகளின் பையை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த மனிதரை நான் நேரில் அறிவேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில், என் மேடைப் பேச்சை எடுத்துச் சொல்லும் இடத்திலும்கூட, அவர்கள் வசிக்கும் பகுதியையும், அவள் தந்தையின் தொழிலையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அன்று மேடையில் அந்தக் குறைந்தபட்ச மரியாதையைக்கூட நான் செய்யவில்லை. தாயின் நோயின் பெயரை இந்தப் பக்கத்தில் எங்கும் தேடாதீர்கள். அதை மேடையில் சொல்லித் தொலைத்தவன் நான். இங்கே சொல்ல மாட்டேன்.

போட்டியின் தலைப்பு, 'பெண் கல்விக்குப் பெருந்தடை வீடா, நாடா?' சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வீடு வந்தது. எனக்கு முன்னால் பேசிய மாணவிக்கு அரங்கம் அதிர்ந்தது. நான் நான்கு நிமிடம் தர்க்கமாகப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எச்சரிக்கை மணி அடித்தது. மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த மணிக்குப் பிறகு புதிய வாதம் எடுக்கக் கூடாது. குரலைத் தாழ்த்த வேண்டும். ஒரு முகத்தைக் காட்ட வேண்டும்.

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அரியமங்கலத்திலே ஒரு லேத் பட்டறை. அந்தப் பட்டறைக்காரரின் மகள், பர்தா அணிந்த ஒரு சகோதரி, பெண்களுக்கு மருத்துவம் பார்க்கக் கனவு கண்டாள்" என்று தொடங்கினேன். தாயின் நோயைச் சொன்னேன். அதை அவர் மறைத்த காலத்தைச் சொன்னேன். ஆனால் என் கட்சி 'வீடு' அல்லவா? வீட்டில் ஒரு வில்லன் வேண்டும். எனவே ஒருவரை உண்டாக்கினேன். "மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பத்தை அந்தத் தந்தை நான்காகக் கிழித்தார். இரும்புத் துகள்களோடு அதையும் கூட்டிப் பெருக்கி எறிந்தார்" என்றேன்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அன்று மாலையே அந்த ஒரு நிமிடத்தை வெட்டி அமைப்பினர் இணையத்தில் ஏற்றினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். இரவு உணவுக்கு நடுவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது என் கையை விட்டுப் போயிருந்தது. முன்பின் தெரியாத யார் யாரோ அதற்குத் தலைப்பு வைத்துப் பகிர்ந்தார்கள். 'இவங்க வீட்டுப் பொண்ணுங்க நிலைமை இதுதான்' என்று எழுதியிருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பெண்ணின் படிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வரி கேட்கவில்லை. ஒரு சமூகத்தையே திட்டுவதற்கு அவர்கள் நீண்ட நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மைக் பிடித்து, அழகு தமிழில், ஏற்ற இறக்கத்தோடு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஆனால் அரியமங்கலத்தில் இருப்பவர்களுக்கு அது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. லேத் பட்டறை, மகள், மருத்துவம்: இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

திங்கட்கிழமை மாலை தோழி அழைத்தாள். அழவில்லை. அவள் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு நிதானம் இருந்தது.

"எங்க அம்மா இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வரல."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"நீ பேசாத. காலையிலேருந்து தெருவுல ஒவ்வொருத்தரா வந்து விசாரிக்கிறாங்க. அம்மா எல்லார்கிட்டயும் 'எனக்கு ஒண்ணுமே இல்ல, அது வேற யாரோ'ன்னு சொல்லிட்டாங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா நீ சொன்னது உண்மைன்னு ஆயிடுமாம். இனி எங்கயும் வர மாட்டேங்கிறாங்க. எத்தனை மாசம் பேசி அவங்களை ஒத்துக்க வச்சேன் தெரியுமா? நீ ஒரு நிமிஷத்துல முடிச்சிட்ட."

வைத்துவிட்டாள்.

வீடியோவை நீக்கச் சொல்ல அமைப்பின் பொறுப்பாளரிடம் ஓடினேன். அவர் என்னை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். "நல்லா ஓடிக்கிட்டிருக்கு தம்பி, இப்பப் போய் எடுக்கச் சொல்றீங்க? பேச்சுன்னா கொஞ்சம் கற்பனை இருக்கத்தானே செய்யும்" என்றார். அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் பரிசளிப்பு விழா, அங்கே அதே ஒரு நிமிடத்தை மறுபடி பேசிக் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அரியமங்கலத்துக்குப் போனேன். பட்டறையில் தோழியின் தந்தை ஓர் இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தம்பி, நீட்டுக்கு அப்ளிகேஷன் ஆன்லைன்லதான போடுறாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப நான் எதைக் கிழிச்சேன்? கம்ப்யூட்டரையா?"

அவரே தொடர்ந்தார்.

"பிரவுசிங் சென்டர்ல அவகூட ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தேன். போட்டோ சைஸ் சரியில்லன்னு மூணு தடவை திருப்பி விட்டுச்சு. அன்னைக்குப் பட்டறையைத் திறக்கவே இல்ல. இப்ப வேலை குடுக்க வர்றவன்லாம் 'பாய், புள்ளையப் படிக்க விடுங்க பாய்'னு புத்தி சொல்லிட்டுப் போறான்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதுகூடப் போகட்டும். எம் பொண்டாட்டிக்கு என்ன நோவுன்னு ஒரு கஸ்டமர் ஃபோன்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி. இருபத்தஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம்."

திரும்பும் வழியில், சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் பேருந்தில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். என் மீது எழுந்த கோபத்தோடு வேறொரு கோபமும் சேர்ந்துகொண்டது. நீட் விண்ணப்பம் காகிதத்தில் இல்லை என்பது அந்த அரங்கில் இருந்த பேராசிரியர்களுக்குத் தெரியாதா? மாணவர்களுக்குத் தெரியாதா? அதைக் கிழித்தார் என்று நான் சொன்னபோது ஒருவர்கூட நெற்றியைச் சுருக்கவில்லையே, ஏன்? தந்தை முஸ்லிம் என்றதும் கேள்வி கேட்கும் புத்தி அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு எடுத்துக்கொண்டது. அந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று எனக்குத் துணிச்சல் வந்ததும் அதே காரணத்தால்தான். அந்தத் தந்தை என்னைப் போல ஸ்ரீரங்கத்துக்காரராக இருந்திருந்தால், விண்ணப்பத்தைக் கிழித்தார் என்று சொல்ல என் நாக்கு கூசியிருக்கும்.

பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்தேன். தாயைப் பற்றி இனி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று தோழி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். எனவே இவ்வளவே சொன்னேன். "நான் காட்டிய தந்தை பொய். உண்மையான தந்தை மகளின் விண்ணப்பத்தை அருகில் இருந்து நிரப்பியவர். விண்ணப்பம் இணையத்தில் நிரப்புவது என்று தெரிந்தும் என்னை நம்பினீர்கள். ஏன் நம்பினீர்கள் என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள்." கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கைதட்டினார்கள். என்ன சொல்ல? அதற்கும் கைதட்டினார்கள். "கடைசியில ஒரு ட்விஸ்ட் வச்சீங்க பாருங்க, பிரமாதம்" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடியோவை நான்கு நாள் கழித்து எடுத்தார்கள். அதற்குள் அதன் நகல்கள் எங்கெங்கோ போய்விட்டன. நான் உண்மையைச் சொன்னதை ஒருவரும் பகிரவில்லை.

தாயை மறுபடி சம்மதிக்க வைத்தது நானல்ல, என் மன்னிப்பும் அல்ல. தோழி மூன்று வாரம் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். தாயின் பக்கத்திலேயே படித்தாள், சமைத்தாள், திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அவர், யாருக்கும் தன்னைத் தெரியாத ஊராக இருந்தால் வருகிறேன் என்றார். கணவரும் மகளும் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் கடிந்துகொண்டாராம். அந்தத் தாமதத்தில் மூன்று வாரம் என்னுடையது. அதை யாரும் என்னிடமிருந்து கழித்துவிட முடியாது.

அவர் தேறி வீடு திரும்பிய பிறகு, என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போனேன். தலையில் முக்காடிட்டு, முன்னறையில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். இளைத்திருந்தார். தோழி கதவில் சாய்ந்து நின்றாள். தந்தை பட்டறைக்குப் போயிருந்தார்.

"உக்காருங்க தம்பி" என்றார்.

நான் உட்காரவில்லை. "தாயே, என்னுடைய நாவினால் விளைந்த இந்தப் பிழைக்கு..." என்று தொடங்கினேன்.

"தம்பி, அது மேடைக்கு. வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க, கேக்குறேன்."

"இங்க மணி அடிக்க ஆள் இல்ல. யோசிச்சே சொல்லு" என்றாள் தோழி.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் தாயும் மகளும் வரிவரியாகப் படித்தார்கள். மகள் இரண்டு பத்திகளை அடித்துவிட்டாள். "மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத. இன்னும் இல்ல" என்றும் சொன்னாள். எழுதவில்லை. அவள் இப்போது மறுபடி தில்லை நகருக்குப் போய்வருகிறாள். நம்பிச் சொல்வதை வெளியே விடாமல் காப்பது அவள் தேர்ந்தெடுத்த தொழிலில் பாதி என்பது அந்த முன்னறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. என் தொழில் என்று நான் பெருமைப்பட்டதில் அதற்கு இடமே இருந்ததில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து பேசுகிறேன்; என் குரல் நடுங்கியது அந்தத் தாயின் முன் நின்ற அந்த ஒரு நாள்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னதை உங்கள் முன்னாலும் சொல்கிறேன், சாட்சியாக இருங்கள்:

"என்கிட்ட ஒருத்தர் நம்பிச் சொன்னதை இனி எந்த மேடையிலயும் சொல்ல மாட்டேன்மா. எனக்குக் கைதட்டு வேணும்னு யாரையும் கெட்டவராக்க மாட்டேன். வேற எவனாவது மைக்ல நின்னு இப்படி ஒரு அத்தாவைக் காட்டினா, கூட்டத்துல எங்க உக்காந்திருந்தாலும் எந்திரிச்சு நின்னு, 'அவரை உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேப்பேன்."