நாற்காலி கிடைக்கிற வார்த்தை

என் அக்காவின் கணவருக்கு ஊர் வைத்த பெயர் ‘கனம்’. நீதிமன்ற வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். யார் வந்தாலும் இங்கிலீஷில் இருப்பதிலேயே கனமான வார்த்தையைத் தேடிப் போடுவார். அவர் கைபட்டால் வாட்ச்மேன் செக்யூரிட்டி ஆபீசர் ஆகிவிடுவார். குழாயடிச் சண்டைகூட இரண்டு நாடுகளின் எல்லைத் தகராறு மாதிரி இருக்கும். வீட்டில் கேலி செய்வோம். ஆனால் அவர் எழுதிய மனுவோடு போனால் உட்காரச் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் அவரிடம்தான் வந்தார்கள்.

அத்தானின் தம்பிக்குச் சாயப்பட்டறையில் வேலை. அங்கே பாய்லர் வெடித்துச் சிலர் செத்தார்கள். பலருக்குக் கையும் முகமும் வெந்துபோயின. பட்டறையை மூடிவிட்டு, தொழிலாளர்கள் சார்பில் ஒருவர் கடிதத்தோடு வந்தால் பேசலாம் என்றது நிர்வாகம். அத்தனை பேரும் சேர்ந்து தம்பியை அனுப்பினார்கள். நஷ்டஈடு என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு மட்டும் வா, எதற்கும் தலையாட்டிவிடாதே என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

கடிதத்தை எழுத அத்தான் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மெசஞ்சர் என்று போட்டால் வாசலிலேயே கடிதத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்றார். டெலிகேட், ரெப்ரசென்டேடிவ் இரண்டையும் சொல்லிப் பார்த்தார், சப்பென்று இருந்ததாம். அகராதியைப் புரட்டி பிளெனிபொடென்ஷியரியைப் பிடித்தார். அனுப்பியவர்களுக்காகத் தானே முடிவெடுக்க முழு அதிகாரம் பெற்ற தூதர் என்று அர்த்தம் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அடித்தார்.

“இவ்வளவு பெருசு எதுக்குண்ணே?” என்றான் தம்பி.

“எல்லாம் ஒண்ணுதான்டா. இதப் பாத்தா நாற்காலி போடுவான்.”

தொழிலாளர்கள் எல்லாரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகமும் தம்பிக்கு நாற்காலி போட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை பட்டறை திறக்கும், இல்லையென்றால் மெஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவோம் என்றார்கள். அத்தனை வீட்டு அடுப்பையும் நினைத்துப் பயந்துபோய் அவன் போட்டுவிட்டான். விபத்துக்காக இனி யாரும் எதுவும் கேட்பதில்லை என்று அதில் இருந்தது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனி வக்கீல் கடிதத்தில் இருந்த அந்த வார்த்தையைக் காட்டினார். வழக்கு நிற்கவில்லை.

ஊர் தம்பியின் மேல் பாய்ந்தது. விலைபோய்விட்டான், அண்ணனிடம் சொல்லி அவன்தான் அப்படி எழுத வைத்தான் என்றார்கள். அவன் மனைவிக்குக் கடையில் சாமான்கூடக் கொடுக்கவில்லை. அத்தானோ தொழில் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா நீங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். கடைசியில் பட்டறை வாசலுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னார்: தம்பி கேட்கவில்லை, அர்த்தம் தெரிந்தே நான்தான் போட்டேன்.

யாரும் நம்பவில்லை. பாய்லருக்குப் புருஷனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி, விரல்கள் ஒட்டிப்போன கையோடு முன்னால் வந்தாள்.

“தம்பிக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க, சரி. எங்களுக்குன்னு பேச யாருங்க இருக்கா?”

அந்த வாரமே தம்பி குடும்பத்தோடு வெளியூர் போனான். எந்த ஊர் என்று அண்ணனிடம் சொல்லவில்லை.