அக்காவின் நீலக் கோட்டு

இன்று காலை அந்த நீலக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். மார்புப் பையின் மேல் சிவப்பு நூலில் தைத்திருந்த அக்காவின் பெயர் இப்போது இல்லை. ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன. பினாங்கில் ரேடியோ சாமான் செய்யும் பேக்டரியில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வேலை செய்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து பேக்டரிக்குப் போன முதல் பெண் அவள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மவ முதுகுல கொழுந்துக் கூடை ஏறாது" என்று குழாயடியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா அந்தக் கோட்டோடு வந்து நின்றாள். லீவில் வந்திருக்கிறாள் என்று அம்மா கோழி அடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தையோ தன் மகளுக்குத் தலைசீவி, பவுடர் பூசி இழுத்து வந்துவிட்டார். "இவளையும் ஒங்கூட கூட்டிட்டுப் போ லா. பேக்டரில சேத்து வுடு."

அக்கா தரையைப் பார்த்தாள். "எங்க போறது அத்தை? பேக்டரில எங்கூட வேல செஞ்ச பொண்ணுங்க எல்லாரையும் நிப்பாட்டிட்டாங்க. ஆர்டரே இல்லையாம்." மசாலா அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் விடியலில், வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நான் பார்த்ததை இன்றும் நம்ப முடியவில்லை. அதே அம்மா கங்காணியின் முன்னால் கைகூப்பி நின்றார். "எம்மவளுக்கு ஒரு கூடை குடுங்கய்யா." கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புது ஆளு எடுக்காதன்னு தொரை சொல்லிட்டாரும்மா. இருக்கற ஆளுக்கே வேல பத்தல." அந்தக் கூடைகூடவா கிடைக்காது!

அக்கா பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோசை லோரியில் ஏற்றும் வேலைக்குப் போனாள். நிலைமை சரியானதும் கூப்பிடுவோம் என்று பேக்டரியில் சொல்லியிருந்ததால், அம்மா அந்தக் கோட்டை வாராவாரம் துவைத்து ஆணியில் மாட்டிவைப்பார்.

சில வருடம் கழித்து அந்த பேக்டரிக்காரர்கள் ஆள் எடுக்க எங்கள் மலை டவுனான பிரிஞ்சாங்குக்கே வந்தார்கள். அப்போதுதான் பள்ளி முடித்திருந்த நான் அக்காவுக்குத் துணையாகப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப பள்ளி முடிச்ச புள்ளைங்களத்தான் எடுக்கறோம்" என்றவர் என்னைக் காட்டினார். "இந்தத் தங்கச்சி வரட்டும்." அக்காவுக்கு இருபத்து நான்கு வயது. அடப்பாவிகளா, அதற்குள் ஒருத்தி பழசாகிவிடுவாளா?

வீட்டுக்கு வந்ததும் அக்கா கோட்டை எடுத்துத் தன் பெயரை பிளேடால் பிரித்தாள். "போட்டுக்கடி. அங்க ஏர்கோன் ரொம்பக் குளுரும்."

போட்டுக்கொண்டு பினாங்குக்கு வேலைக்குப் போனேன். ஆனால் அந்தத் துளைகளின் மேல் என் பெயரைத் தைக்க எனக்கு ஒரு நாளும் கை வரவில்லை.

நேற்று என் மகள் வேலை போய்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். "கவலப்படாதம்மா, நெலம சரியானதும் கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க" என்றாள். நான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.