கரண்டு வைத்தியம் முடிந்து வந்த அக்கா எதை மறந்தாள்

நேற்று அக்கா உப்புச் சட்டியைத் தேடினாள்.

அடுப்புக்கு இடப்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். அங்கே உப்பு இருந்து ஒரு வருஷம் ஆகிறது!

மேல் பலகைக்கு மாற்றி வைத்ததே அவள்தான். போன வருஷம், செங்கோட்டையில் இருக்கிற புருஷன் வீட்டை விட்டு இங்கே வந்த வாரம்.

(வேறு யாரும் கவனிக்கவில்லை. அதிகம் பேசாத பிள்ளைக்குக் கண்தான் வேலை செய்யும்.)

மதராஸ் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தியம் முடித்து அவளைத் தென்காசிக்குக் கூட்டி வந்து நாலு நாள்தான் ஆகிறது.

மதராஸ் போவதற்கு முன்னால், சித்தம் தெளியுமென்று ஒரு மண்டலம் குற்றால அருவியில் பிடித்து நிறுத்தினோம். தண்ணீர் தலையில் இடிக்கும். அழுகை நிற்காது, சோறு இறங்காது. (ஊட்டிவிட ஆள் வேண்டுமென்றுதான் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள்.)

இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சிரிக்கிறாள். பொய் சொல்ல மாட்டேன், கரண்டு வேலை செய்தது.

ஆனாலும் அந்த உப்பு உறுத்தியது. மெல்லக் கேட்டேன்.

"அக்கா, நீ எதுக்கு இங்கன வந்தன்னு ஞாபகம் இருக்கா?"

"உடம்பு சரியில்லன்னு வந்தேன். ஒன் அத்தான் வந்து கூட்டிட்டுப் போவாக ஏட்டி!"

அத்தான் இன்னொருத்திக்குத் தாலி கட்டி வீட்டுக்குள் கூட்டி வந்தார். அதனால்தான் அக்கா இங்கே வந்து நோயில் படுத்தாள். அது அவள் தலையிலேயே இல்லை!

அப்பாவிடம் ஓடினேன்.

"மறந்துட்டால்ல? அதாம்ட்டி வைத்தியம்! நீ வாயத் தொறக்காத. நாளைக்கு மாப்ள வாராரு."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே அப்பா..."

டாக்டர் சொல்லும்போது நானும் நின்றேனே! மண்டையில் கரண்டு வைத்தால் வலிப்பு வரும், அந்த வலிப்புதான் மனநோயை இறக்குகிறது, எப்படியென்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது என்றார். மறதி கூடவே வருகிற தொல்லையாம். பழசு மெல்லத் திரும்புமாம். நோய்க்குப் பக்கத்து மாதங்கள் சிலது திரும்பாமலே போகலாமாம்.

அந்தத் தொல்லையை அப்பா மருந்தாக்கிவிட்டார்!

அம்மா அதற்கு மேல். "அங்கன போயித் தெரிஞ்சிக்கிடட்டும். போகப் போகப் பழகிரும்."

நீங்களே சொல்லுங்கள். செங்கோட்டையில் அந்தப் பெண் வந்து கதவைத் திறக்கும்போதா அக்கா தெரிந்துகொள்ள வேண்டும்? சொன்னால் மறுபடியும் படுத்துவிடுவாளோ என்ற பயம் எனக்கும் இல்லையா என்ன?

இன்று காலையில் அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இறுக்கிப் பின்னுட்டி. பதினோரு மணி ரயிலுக்கு அவுக வந்துருவாக."

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. நல்லவேளை, அவள் முதுகுதான் என் பக்கம் இருந்தது.

சீப்பைக் கீழே வைத்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.