அப்பாவைக் கப்பலிலிருந்து இறக்கிய விதம்

அம்மா போன பிறகு அப்பா ஸ்ரீரங்கத்தை விட்டு எங்கும் போகவில்லை. காலையில் கோயில், பிறகு பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி கோயில். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதர். பாஸ் இருந்தும் காசிக்குக்கூடப் போனதில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தம்பிதான் ஒருநாள் போனில் சொன்னான், சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்விட்டு நான்கு நாளில் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்று இருக்கிறது, டிக்கெட் நான் போடுகிறேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று.

அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சமுத்திரத்தை நடுவுல நின்னு பாத்ததில்ல. போலாம்" என்றார்.

நான், என் கணவர், அப்பா, மூன்று பேரும் போனோம். ஒரே அறை. அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அப்பா முதல் நாளே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான். சாப்பாட்டில் பூண்டு வெங்காயம் இல்லாத பகுதி எது என்று என் கணவர் விசாரித்து வைத்திருந்தார். தயிர்சாதமும் பழமும் கிடைத்தால் போதும் என்று அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்து குளித்து, நெற்றிக்குத் திருமண் இட்டுக்கொண்டு, பால்கனியில் நின்றே சந்தியாவந்தனம் செய்தார். சூரியன் நேராகத் தண்ணீரிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்து அர்க்கியம் விடுவது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னார். அம்மா போனதற்குப் பிறகு அவர் தானாக வந்து சொன்ன முதல் சந்தோஷம் அது.

கடைசி நாள் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை இறங்குகிறவர்கள் பெரிய பெட்டிகளை இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துக்கொண்டுபோய்க் கரையில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நாம் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறத்தில் அட்டை கொடுத்தார்கள், பெட்டிகளில் கட்டவும் அதே நிற அட்டைகள். எங்களுக்கு மஞ்சள். அந்த நிறத்தைக் கூப்பிடும்போதுதான் இறங்க வேண்டும்.

எனக்கு எதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் இருபது வருஷமாக அப்படித்தான் வேலை பார்க்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து வந்ததும் அப்பா உடுத்தியிருந்த வேஷ்டி சட்டையை அவிழ்த்துத் துவைக்க வேண்டிய துணிப் பையில் போட்டுவிட்டு, படுக்கும்போது கட்டும் நாலு முழத்தைக் கட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். எனக்கு மறுநாளைக்கு ஒரு சுடிதாரைத் தனியாக எடுத்து வைத்தேன். என் கணவர் காலையில் கடைசியாக ஒருமுறை நீச்சல் குளத்தில் இறங்கப்போவதாகச் சொல்லி, இரண்டு அரை டிராயரையும் இரண்டு டி-ஷர்ட்டையும் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாவின் சாமான்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. மடித்து வைத்த ஒரு வேஷ்டி, ஒரு சட்டை, அதன் மேல் திருமண் பெட்டி. வெள்ளைத் திருமண் கட்டியும் சிவப்பு ஸ்ரீசூர்ணமும் குச்சியும் வைக்கும் சின்ன மரப்பெட்டி. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக, அவர் மறுநாளைக்காக எடுத்து வைத்திருந்தார். பார்த்த எவருக்கும் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தட்டைக் காலி செய்து எல்லாவற்றையும் அவர் பெட்டியில் போட்டேன், அவ்வளவுதான். பெட்டி ஜிப் போட வராமல் மேலே முட்டியதால் மரப்பெட்டியை எடுத்து அடியில் இருந்த சந்தில் செருகினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அப்பா உட்கார்ந்திருந்தார். கதவைத் தள்ளி ஒரு வார்த்தை கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? என் கணவர் பெட்டிகளை வாசலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு வேலை முடிந்தது என்று படுத்தேன்.

அப்பா என்னைத் தொட்டு எழுப்பியபோது நன்றாக விடிந்திருந்தது. குளித்துவிட்டு இடுப்பில் ஈரத்துண்டோடு நின்றார். கட்டிப் படுத்த வேஷ்டியையும் வழக்கம்போல் நனைத்துப் பிழிந்து குளியலறைக் கம்பியில் போட்டிருந்தார்.

"ஏம்மா, என் வேஷ்டி எங்க வெச்சே? திருமண் பெட்டியையும் காணோம்" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். வாசலைத் திறந்து பார்த்தேன், வெறும் வராண்டா. வரவேற்பில் கேட்டபோது, பெட்டிகள் எல்லாம் கூண்டுகளில் ஏற்றியாகிவிட்டது, இனிக் கரையில்தான் என்றார்கள்.

அப்பா கோபப்படவில்லை. ஈரவேஷ்டியையே கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். மடிக்கு ஈரம் கட்டிப் பழகிய உடம்புதான். நான்தான் விடவில்லை. கப்பல் முழுக்க ஏசி, ஏற்கெனவே இழுப்பு இருக்கிறது, ஊருக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று படபடவென்று பேசினேன். தப்பு செய்தவளே அதிகாரமும் பண்ணினேன். என் கணவர் சங்கடத்தோடு தன் தோள்பையைத் திறந்து, "மாமா, ஒரு மணி நேரம்தான்" என்று உலர்ந்த டிராயர் ஒன்றையும் டி-ஷர்ட் ஒன்றையும் நீட்டினார். நீலப் பூப்போட்ட டிராயர். டி-ஷர்ட்டின் நெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட குரங்குப் படம். அவர் ஆறடி. அப்பா என் தோளுக்குத்தான் இருப்பார். டிராயர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இடுப்பில் நிற்காமல் நழுவியதால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மஞ்சளைக் கூப்பிடும்வரை ஒரு பெரிய கூடத்தில் காத்திருந்தோம். காலைப் பலகாரம் வேண்டாம் என்றார். காபியும் வேண்டாம் என்றார். நெற்றிக்கு இடாமல், சந்தி பண்ணாமல் அவர் பச்சைத் தண்ணீர் குடித்து என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அன்றைக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டு நான் போய் இட்லி சாப்பிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் ஜன்னலோரம் நின்று துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த கால்கள், பூ டிராயர், குரங்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, இங்க பாருங்க" என்றேன். திரும்பினார். போனை நீட்டியதும் பழக்கத்தில் லேசாகச் சிரித்தார். எடுத்து, "எங்க புது ஹீரோ" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டேன். நாற்பது பேருக்கு மேல் இருக்கும் குழு. ஒரு நிமிஷத்தில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. தம்பி அங்கிருந்து விசில் அடிக்கும் பொம்மை அனுப்பினான். உற்சாகமாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தையின் செய்தி வந்ததும்தான் கை நின்றது. அத்தை அப்பாவின் தங்கை, ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். "அண்ணா நெத்தி ஏன் இப்படி இருக்கு? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கு முன் அம்மா போன நாளில்தான் அந்த நெற்றியை நான் வெறுமையாகப் பார்த்திருக்கிறேன். டிராயரையும் குரங்கையும் பார்த்துச் சிரித்த எனக்கு முகம் கண்ணில் படவேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது. போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மஞ்சளைக் கூப்பிட்டார்கள், கூட்டத்தோடு நகர்ந்தோம்.

கரையில் இருந்த கொட்டகையில் நிறவாரியாகப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மஞ்சள் வரிசையில் எங்கள் பெட்டி இருந்தது. அப்பாவின் பெட்டி இல்லை. இரண்டு முறை நடந்து பார்த்தோம். பச்சையிலும் சிவப்பிலும் தேடினோம். கடைசியில் ஒரு ஊழியர், அட்டை கழன்றுபோன பெட்டிகளைத் தனியாகச் சுவரோரம் வைத்திருக்கிறோம், எல்லாரும் எடுத்து முடித்தபிறகுதான் கொடுக்க முடியும் என்றார். அட்டையைக் கட்டியது நான். அவசரத்தில் காகித வளையத்தை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அடையாளம் கேட்டார் ஊழியர். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்:

"ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கும். திருமண் பெட்டி. துணிக்கு மேலதான் இருக்கும்."

ஊழியர் திறந்து துணிகளைப் புரட்டினார். மேலே இல்லை. வேஷ்டிகளை எடுத்தார், துவைக்காத துணிப் பையை எடுத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், என் செருப்புகளைச் சுற்றி வைத்த பிளாஸ்டிக் பைக்குக் கீழே அது இருந்தது. என் பெட்டியில் இடமில்லை என்று செருப்பை நான்தான் அதில் போட்டிருந்தேன். இரவு சந்தில் செருகியபோது என் கை அதன் மேல் பட்டிருக்கும். எனக்கு நினைவில்லை.

அப்பா குனிந்து எடுத்தார். டி-ஷர்ட்டின் ஓரத்தால் நாலு பக்கமும் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் என்னைப் பார்த்து நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேஷ்டியை டிராயருக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, உள்ளிருந்து டிராயரை உருவி மடித்து, தோய்த்துத் தருகிறேன் என்று என் கணவரிடம் சொல்லிப் பைக்குள் வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டார். பாட்டில் தண்ணீர் கேட்டார். கழிப்பறைக்குப் போக மனமில்லாமல், ஆள் இல்லாத ஒரு தூணோரம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்தார். பெட்டியில் இருந்த கையகலக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நான் ஓடிப்போய் என் போனின் முன்கேமராவைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அது வேண்டாம்மா" என்றார்.

கண்ணாடி இல்லாமலே இட்டுக்கொண்டார். இடது கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. சொல்லத் துணிச்சல் வரவில்லை.

எழும்பூரிலிருந்து ரயிலில் திரும்பும்போது தம்பி வீடியோவில் கூப்பிட்டான். அப்பாவைப் பார்த்ததும், "அப்பா, டிராயர்ல சூப்பரா இருந்தீங்க. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, நான் அனுப்பியதைத்தானே பார்த்தான். அப்பா அவனோடு கப்பல் நன்றாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது என்று பேசிவிட்டுப் போனைக் கொடுத்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அனுப்பறதுக்குத்தான் எடுத்தியா?"

"சும்மா ஜாலிக்குப்பா. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டா" என்றேன்.

மன்னிச்சுக்கோங்கோ என்பதும் வாயில் வரக்கூடிய சொல்தான். அன்று ஏனோ இதுதான் வந்தது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தை அன்றே அழித்தேன். ஆனால் நாற்பது போனில் இருந்ததை என்ன செய்வது? அது தெருவுக்கும் வந்தது. கோயிலில் அவரோடு தினமும் உட்கார்ந்து பேசும் ஒருவர், கப்பலில் வேஷமெல்லாம் பலமாமே என்று கேட்டிருக்கிறார். பிரியமாகத்தான் கேட்டிருப்பார். அப்பா அதன்பிறகு கோயிலுக்குப் போகும் நேரத்தை ஒரு மணி முன்னால் மாற்றிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. அத்தைதான் எனக்குச் சொன்னாள்.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். கப்பலைப் பற்றி அப்பா அவளிடம் மணிக்கணக்கில் பேசுகிறாராம். நடுக்கடலில் தண்ணீர் நீலமாக இல்லை, மசிக் கறுப்பாக இருந்தது, பறக்கிற மீன்களைப் பார்த்தேன், கரையே தெரியாதபோது பயமாக இல்லை, நிம்மதியாக இருந்தது, உன் மன்னியும் இருந்திருக்கலாம் என்றெல்லாம். பறக்கிற மீன்களை அவர் பார்த்ததே எனக்குத் தெரியாது. ஒரே அறையில்தான் இருந்தோம். எனக்குச் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் அவர் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் தம்பி அந்தமானுக்கு ஏற்பாடு செய்தான். அப்பா, "நீங்க போயிட்டு வாங்கோ" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வயசாச்சும்மா என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கப்பலுக்கு வந்ததற்கும் அதற்கும் இடையில் ஒரு வயதுதான் கூடியிருந்தது.

போன மாதம் அவரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஆட்டோ நகராமல் நின்றது. முன்னும் பின்னும் பஸ்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அருகருகே உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது. அந்தக் கப்பல் விஷயத்தில் நான் செய்தது தப்பு, மன்னிச்சுக்கோங்கப்பா என்றேன். மூன்று வருஷம் கழித்து, பஸ் ஹாரன்களுக்கு நடுவில்.

முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"வேஷ்டி போனதும் போட்டோவும் ஒண்ணும் இல்லம்மா. வெளியிலதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

நான் அவர் கையைப் பிடித்தேன். எடுத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டிருந்தார். ஆட்டோ நகர்ந்தது. கண் டாக்டர், காட்டராக்ட் முற்றிவிட்டது, எப்போது ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு லீவு கிடைக்கிற தேதி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர், உற்சவம் முடியட்டும் என்றார்.