தாளத்துக்கு அடங்காத நோட்டு

பரவைச் சந்தையருகே பஸ்ஸை நிறுத்திப் போலீஸார் சுதேசிப் பாட்டுகளைத் தேடுகிறார்கள். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்காக நான் கொண்டுபோகும் நோட்டு நிறைய வசனகவிதைகள். சர்க்காரைப் பெயர் சொல்லாமல் சாடுபவை.

பக்கத்தில் இருக்கும் பாட்டுப்புத்தக வியாபாரியின் கட்டைப் பிரித்து, ஏட்டு தொடையில் தாளம் போட்டுப் பாடிப் பார்க்கிறார். தாளம் சேருகிறது. கட்டைப் பறித்துக்கொண்டு, "எறங்குய்யா" என்கிறார்.

அடுத்தது என் நோட்டு. உரக்கப் படிக்கிறார், தாளம் சேரவே இல்லை.

"இது பாட்டாய்யா?"

வசனகவிதையும் கவிதைதான் என்று ஊர் ஊராக வாதாடியவன் நான்.

"இல்லைங்க, சும்மா கிறுக்கினது."

நோட்டு மடியில் வந்து விழுகிறது. இறங்கப் போகும் வியாபாரி என் காதருகே குனிகிறார்.

"பாட்டு நல்லாருக்குண்ணே."